கருவி எவருடையதாயினும் மொழி நம்முடையதாகட்டும்!



புதிய கருவியொன்று வீட்டினுள் வந்து அமருந்தோறும், "இனித் தமிழ் அழிந்தது" என்று புலம்புவார் நம்முள் உளர். அப்புலம்பலில் எமக்கு உடன்பாடில்லை. தமிழைக் கெடுத்தது எந்தக் கருவியும் அன்று. கருவியைக் கையாண்டவரின் அடிமையுள்ளமே கெடுத்தது.

அச்சுப்பொறியையே எண்ணிப் பாருங்கள். அது நாம் கண்ட கருவியன்று. எனினும் 1578-இலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறிற்று. கறையானுக்கு இரையாகிக் கொண்டிருந்த சுவடிகளினின்று சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையொடு உ.வே. சாமிநாதர் 1892-இல் அச்சிட்டு வெளிப்படுத்தினார். அந்நூல் கைக்கெட்டியதனாலன்றோ 1917-இல் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகர'மும், 1947-இல் ஈழத்து விபுலானந்த அடிகளின் 'யாழ்நூ'லும் தோன்றிப் பழந்தமிழிசையின் பண்ணையும் யாழையும் உலகுக்குக் காட்டின? அயலார் கண்ட பொறி, நாம் இழந்த இசைக்குச் சான்று மீட்டுத் தந்தது!

சான்று கிடைத்தும் மேடை கிடைத்ததா? தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப்பாட்டை இறுதியில் தூவும் 'துக்கடா' என ஒதுக்கிய இழிநிலையை எதிர்த்தே 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தெலுங்குப் பாடல்மீது எமக்குப் பகையில்லை. அதன் இனிமையை மறுப்பாருமில்லை. ஆயின், கேட்போர் தமிழராயிருக்க, விரித்துப் பாடும் தலைமைப் பாட்டு மட்டும் அவர்க்கு விளங்கா மொழியில் அமைதல் எவ்வகை முறை? மார்கழி மேடைகள் பலவற்றில் அந்நிலை இன்றும் முற்றாக மாறவில்லை என்பதே எம் மனக்குறை.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். சென்னை நிலையம் 15.8.1975-இல் தொடங்கப் பெற்றது. 1982 முதல் தில்லியினின்று நாடு முழுமைக்கும் ஒரே நிகழ்ச்சி என்னும் ஏற்பாடு வந்து, வீட்டார் ஒருங்கு கூடும் இரவுப்பொழுதை இந்தி கவர்ந்து கொண்டது. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தோம். 1993 முதல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சிகள் வரலாயின, இந்தி விலகிற்று. விலகிய இடத்தில் அமர்ந்தது தமிழா? நிகழ்ச்சிப் பெயர் ஆங்கிலம். அறிவிப்பாளர் பேச்சில் வினைமுற்று மட்டுமே தமிழ். லகரமும் ளகரமும் ழகரமும் ஒரே ஒலி! வடவர் திணித்ததை எதிர்த்த நாம், நம்மவர் திணிப்பதைச் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறோம். தாய் பேசுவதினும் மிகுதியாகத் தொலைக்காட்சி பேசும் வீட்டில் வளரும் குழந்தைக்கு எது தாய்மொழி?

கணிப்பொறியிலோ நமக்கு வழி திறந்தே உள்ளது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின்வழித் தொண்டர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். 1999-இல் தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையை ஏற்றது. இன்று கைப்பேசிதோறும் தமிழெழுத்து உண்டு. இருந்தும் அண்ணனுக்குத் தம்பி விடுக்கும் செய்தி ஆங்கில எழுத்தில் போகிறது! எழுத்தில்லாத மொழியினர் செய்வதை ஈராயிரம் ஆண்டு எழுத்துடைய இனம் செய்கிறது.

இஃது ஏதோ சிறு சோம்பல் என்று எண்ணி விடாதீர். இன்று எழுதவும் பேசவும் வல்ல பொறிகள் வந்துள்ளன. அவை மொழியைக் கற்பது, மக்கள் எழுதி வைத்தவற்றினின்றேயாம். நாம் கலப்புமொழியை எழுதிக் குவித்தால், அக்கலப்பையே தமிழென்று கற்று, நம் பெயரர்க்கு அதனையே அவை கற்பிக்கும். நல்ல தமிழை எழுதி வைத்தால் நல்ல தமிழையே திருப்பித் தரும். ஏட்டுச்சுவடியைக் கறையான் தின்றது. இக்காலத் தமிழைத் தின்னும் கறையான் நம் விரல்நுனியிலேயே உள்ளது.

எனவே, தமிழன்பர்களே, தமிழ்ப்பாட்டைத் தலைமைப் பாட்டாகப் பாடுமாறு இசையரங்கில் எழுந்து கேளுங்கள். கொச்சை பேசும் நிகழ்ச்சியை அணைத்து விட்டு, அணைத்த கரணியத்தை நிலையத்தார்க்கு எழுதுங்கள். கைப்பேசியில் தமிழைத் தமிழெழுத்தால் மட்டுமே எழுதுவதென்று இன்றே உறுதி பூணுங்கள். இவற்றிற்கு அரசாணை வேண்டா, பொருட்செலவும் இல்லை. தமிழரென்னும் உணர்வொன்றே போதும்!