பேரேடு எவர் கையில்?

வணிகப் பட்டமொன்றைத் தெரிவு செய்ய முனையும் மாணவரை நோக்கி இன்று இரு குரல்கள் எழுகின்றன. தொழில்சார் கணக்காளர் தகுதியைத் தன்னுள் அடக்கிய பட்டமே பட்டம், ஏனையவை வெறுந்தாள் என்கிறது சந்தையின் குரல். கணக்கெழுதப் பழக்குவது பல்கலைக்கழகத்தின் பணியன்று, அது எழுதுவினைஞர் வேலை என்கிறது கல்விமான்கள் சிலரின் குரல். ஒன்றையொன்று பகைப்பன போலத் தோன்றும் இவ்விரு குரல்களும் ஒரே பிழையின் மீதே நிற்கின்றன. கணக்கீடு என்பது தனியொருவர் வயிறு வளர்ப்பதற்கான வித்தை மட்டுமே என்னும் எண்ணமே அப்பிழையாகும். அதனை உணர்வதற்கு மன்னார்த் தீவும் அதன் கரையும் போதிய சான்றாகும்.

மன்னார்க் குடாவின் முத்துப்படுகைகள் அரசுகள் பலவற்றின் கருவூலத்தை நிரப்பியவை. முதல் பிரித்தானிய ஆள்பதியான பிரடரிக் நோர்த் அரிப்பில் எழுப்பிய மாளிகையின் இடிபாடு அச்செல்வத்தின் சாட்சியாக எஞ்சியுள்ளது. 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பிலே, பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்தார். படகுகள் கொணர்ந்த சிப்பி மூன்று பங்காக்கப்பட்டது. இரண்டு அரசுக்கு, ஒன்று உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்க்கு. அவ்வாண்டிலேயே படுகைகள் இலண்டன் கும்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டன. தவணை முடியுமுன்னரே கும்பனி கலைந்தது. கடலின் ஆழத்தை அறிந்தவர் ஒருவர். அதன் ஐந்தொகையை எழுதியவர் இன்னொருவர். கரையின் வரலாறு முழுவதும் இந்தப் பிரிவினையின் வரலாறே எனலாம்.

அந்நிலை இன்று மாறிற்றா? 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன், 30 சுழலிகளும் 100 மெகாவாட் கொள்ளளவும் கொண்ட தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க முன்வந்த இந்திய அதானி குழுமத்துக்கு ஓரலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்னும் விலை 2024இல் ஏற்கப்பட்டது. அவ்விலையைக் குறைக்க அரசு முயன்றதன் பின்னர், 2025 பெப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது. தீவின் கனிய மணலை நாடி அவுஸ்திரேலியக் கும்பனியொன்று ஆய்வு நடத்தியது. 2025இல் மக்கள் வீதியில் இறங்கிக் காற்றாலைகளையும் மணல் அகழ்வையும் எதிர்த்தனர். அவர்களின் அச்சம் நியாயமானது. ஆயினும், அந்த 8.26 சதத்துள் எவ்வளவு செலவு, எவ்வளவு இலாபம்? அகழ்ந்த நிலத்தைச் சீராக்கும் செலவு எவருடைய ஏட்டில் பொறுப்பாகப் பதியப்படும்? இவ்வினாக்களை எழுப்புவதற்குத் துணிவு மட்டும் போதாது. ஏட்டை வாசிக்கும் கண்ணும் வேண்டும்.

பெருங்கும்பனிகளின் கதை கிடக்கட்டும். வியாபாரியிடம் முற்பணம் பெற்ற மீனவர் தம் மீனை அவருக்கே, அவர் குறித்த விலைக்கே கொடுக்கக் கட்டுப்படுகிறார். முற்பணத்துக்கு வட்டி எழுதப்படுவதில்லை. ஆதலால் அது வட்டியில்லாக் கடனென்று தோன்றுகிறது. சந்தை விலைக்கும் அவருக்குக் கிடைத்த விலைக்கும் இடையிலான வேறுபாடே வட்டி என்பதை ஒரே தாளில் எழுதிக் காட்டிவிடலாம். அத்தாளை எழுதுபவர் கரையில் இல்லை என்பதே குறை.

இனிச் சந்தையின் குரலை நோக்குக. தகுதியோடு கூடிய பட்டம் என விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் சில பாடங்களுக்கான விலக்கு மட்டுமே. விலக்கு வேறு, அங்கத்துவம் வேறு. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம், பரீட்சைகளோடு மூன்றாண்டுச் செய்முறைப் பயிற்சியையும் வேண்டி நிற்கிறது. கணக்காய்வு நிறுவனங்களோ கொழும்பில் குவிந்துள்ளன. பேசாலை மாணவியொருத்தி அங்கு அறை வாடகையும் உணவுச் செலவும் கொடுத்து மூன்றாண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். இச்செலவைச் சொல்லாது விலக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பறைசாற்றுவோர், செலவை மறைத்து வரவை மட்டும் காட்டும் கணக்கரை ஒத்தவர். கணக்கீட்டுக் கல்வியையே பொய்க்கணக்குக் காட்டி விற்பது எத்துணை முரண்!

கல்விமான்களின் குரலும் தப்பமுடியாது. இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிசில் அச்சேற்றி விளக்கிய லூக்கா பாசியோலி துறவி, கணித ஆசிரியர். கணித நூலொன்றின் பகுதியாகவே அவர் அதனை வெளியிட்டார். வரவும் செலவும் ஒன்றையொன்று சோதிக்கும் அம்முறை, எழுதியவரின் சொல்லை நம்பாது சான்றை நாடும் அறிவொழுக்கமாகும். அதனை இழிவென ஒதுக்கும் பீடம், தன் மாணவரை ஆவணத்தின் முன் குருடராக்கி அனுப்புகின்றது.

தகுதி பெற்றவர் கரைக்குத் திரும்பார், கொழும்புக்கோ கடல்கடந்தோ சென்றுவிடுவர். ஆகவே ஊருக்கு என்ன பயன் என்று வினவுவோர் உளர். வினா வலிமையானது. ஆனால் அது பட்டத்தின் குற்றமன்று. பயிற்சி நடைபெறும் இடத்தின் குற்றம். மூன்றாண்டும் கொழும்பிலேயே பழகியவர் கொழும்பிலேயே வேர்கொள்வது இயல்பு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா மன்னாருக்கு அண்மையிலுள்ளது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், கட்டுக்கரைக்குளத்து விவசாய அமைப்புகள், பிரதேச சபைகள் ஆகியவற்றின் ஏடுகளில் பயிற்சியின் ஒரு பகுதியேனும் நிகழுமாறு பல்கலைக்கழகமும் நிறுவகமும் உடன்படிக்கை செய்துகொள்ளலாகாதா? சட்டம் தடையென்றால் விதியைத் திருத்தக் கோருவதன்றோ கற்றோர் கடன்?

மொழியும் நினைவிற்கொள்ளத்தக்கது. உயர்தரத்தில் கணக்கீட்டைத் தமிழில் கற்றவர் பட்டத்தை ஆங்கிலத்தில் முடிக்கிறார். கற்றதை மீண்டும் தமிழில் சங்கக் கூட்டத்தில் விளக்க இயலாதவர், தம் மக்களுக்கு இன்னொரு வெள்ளைக்காரத் துரையாகவே தோன்றுவார். தமிழ்ச் சங்கங்களுக்கு இங்கே வேலை உண்டு. இலக்கிய விழா மட்டுமே தமிழ்ப்பணி ஆகாது.

ஆகவே, தொழிற்றகுதியோடு கூடிய வணிகப் பட்டம் தெரிவுக்கு உரியதே. ஆனால் தெரிவு செய்பவர் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும். விலக்குக்குப் பின் எஞ்சும் பரீட்சைகள் எத்தனை? பயிற்சி எங்கே, எவர் செலவில்? பொருளியலும் சட்டமும் ஊரின் பொருளாதார வரலாறும் பாடத்திட்டத்தில் உள்ளனவா? இவற்றுக்கு நேரான விடை தராத நிறுவனம் எத்துணைப் பெயர் பெற்றதாயினும் தவிர்க்கத்தக்கது. முத்தும் காற்றும் மணலும் எவருடையவை என்னும் வழக்கு முடிவுறாதது. அவ்வழக்கில் பேரேட்டை விரித்து வாசிக்க வல்லவர் கரையிலிருந்தே எழும்வரை, தீர்ப்பும் பிறராலேயே எழுதப்படும்.