பரலும் மணலும்

மணலின்மேல் வீடு கட்டினவன் உவமையை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிற் கேளாதார் நம்மில் ஒருவரும் இரார். வெள்ளமுங் காற்றும் மோதியபோது அவ்வீடு வீழ்ந்ததைச் சொல்லி, கன்மலையின்மேற் கட்டினவனை நமக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் நிறுத்துவர். அவ்வுவமையின் பொருள் பெரிது. அதனை விரிப்பது ஈண்டு எம் நோக்கமன்று. ஆயினும் இக்காலத்து வீடுகளைக் காணுங்கால் வேறொரு வினா எம் உள்ளத்தே எழுகின்றது. இன்றைய வீடு மணலின்மேல் நிற்பது மாத்திரமன்று, மணலாலேயே ஆயது. கன்மலையின்மேல் நிற்பது மாத்திரமன்று. கன்மலையை உடைத்த சல்லியாலே ஆயது. அடித்தளம் எத்துணை ஆழமாயினும் ஆகுக. தூணுங் கூரையுமாய் நிற்கும் அம்மணலுஞ் சல்லியும் எத்தன்மையன என்று கேட்பார் யார்?

கான்கிரீட்டு என்னுங் கலவையிற் பருமனால் ஏறத்தாழ முக்காற்பங்கு சல்லியும் மணலுமே. எஞ்சிய காற்பங்கே சிமிட்டியும் நீரும். அங்ஙனமிருந்தும், வீடு கட்டப் புகுவார் சிமிட்டியின் பெயரை விசாரிப்பர்; மூட்டையின் மேல் அச்சிட்ட தேதியைப் பார்ப்பர்; கம்பியின் கனத்தை அளப்பர்; லாரியிலிருந்து கொட்டுகின்ற குவியலையோ திரும்பியும் பாரார். பொங்கலுக்கு வெல்லம் எவ்வூர் வெல்லம் என்று கடைகடையாய்க் கேட்டு வாங்கி, அரிசியிற் கல் பொறுக்காது உலையிலிடும் இல்லாளை நாம் என்னென்று சொல்வோம்?

கள்ளக்குறிச்சிச் சீமைக்குக் கல்லாற் குறைவில்லை. விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டமான இந்நாட்டின் மேல்பால், கிழக்குத்தொடர் மலைகளுள் ஒன்றாகிய கல்வராயன் மலை நிற்கின்றது. நீலங்கலந்த கருநிறமும் மிக்க வன்மையுமுடைய அதன் கல்லைச் சார்னோக்கைட்டு என்பர் நிலநூலார். அப்பெயர் வந்த வரலாறு சுவையுடைத்து. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட ஜோப் சார்னாக்கு என்பாரின் கல்லறை அந்நகரத்துத் தூய யோவான் ஆலயத்து முற்றத்திலுள்ளது. அக்கல்லறைமேற் பதித்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லென்று கண்டு, 1893-இல் அவ்வினக் கற்களுக்கு அம்மனிதர் பெயரையே சூட்டினார். தமிழ்நாட்டுக் கல் வங்கத்துக் கல்லறையிற் கிடந்து ஆங்கிலேயன் பெயர் பெற்றது! எம் ஊர்ப்புறத்தார் அதனைக் கருங்கல் என்பர். உடைத்த பின்னர் சல்லி என்பர். அவர்கட்கு வேறு பெயர் வேண்டுவதில்லை.

இம்மாவட்டத்துத் திருக்கோவலூரிலே தென்பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என்னும் பாறையொன்று நிற்பதைத் தமிழ் பயில்வார் அறிவர். பாரி மடிந்த பின்னர் அவன் மகளிர்க்குப் புகலிடந் தேடிக் கொடுத்துவிட்டுக் கபிலர் உயிர்துறந்த இடம் அதுவென்பது வழக்கு. அப்பாறையைச் சுற்றியோடும் ஆறு, அதனையொத்த எத்தனையோ பாறைகளைத் தேய்த்துத் தேய்த்தே மணலாக்கிற்று. ஆகவே பாறையும் மணலும் வேறல்ல; ஒரே பொருளின் இருவேறு பருவங்களே. ஆறு பல்லாயிரம் ஆண்டு செய்த வேலையை இன்று கிரஷர் என்னும் பொறி ஒரு நொடியிற் செய்கின்றது. வேறுபாடு எங்கே உண்டாகின்றதெனின், ஆறு தேய்த்ததோடு நில்லாமல் கழுவியுஞ் சலித்தும் கொடுத்தது. பொறி உடைப்பதோடு நின்றுவிடுகின்றது. கழுவலுஞ் சலித்தலும் மனிதர் கையில் விடப்பட்டன. இவ்விடத்தேதான் குற்றம் நுழைகின்றது.

முதற்கண் சல்லியை எடுத்துக்கொள்வோம். மலைக்கல் வலியதாயின் சல்லியும் வலியதாகும் என்பது பாதி மெய். வெயிலும் மழையுந் தின்ற மேலடுக்குக் கல்லும் அதே குழியிலிருந்துதான் வருகின்றது. அதுவும் அதே பொறியிற் புகுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கென 1963-இல் வெளியான இந்தியத் தரநிலை 2386 பல சோதனைகளை வகுத்துள்ளது. அவற்றுள் ஒன்று மோதற் சோதனை. ஏறக்குறைய 14 கிலோ எடையுள்ள சம்மட்டியை 38 சென்றிமீட்டர் உயரத்தினின்று 15 முறை சல்லியின்மேல் விழவிட்டு, நொறுங்கியதை 2.36 மில்லிமீட்டர்ச் சல்லடையிற் சலிப்பர். கீழே விழுந்த தூள் நூற்றுக்கு எத்தனை பங்கோ அதுவே அக்கல்லின் எண். சாலை முகப்புக்கு 30-க்கு மேற்படலாகாது. ஏனைக் கான்கிரீட்டுக்கு 45-க்கு மேற்படலாகாது. எண் சிறிதாயின் கல் பெரிதென்று கொள்க.

வன்மை மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். அப்பளம்போல் தட்டையாயும் ஊசிபோல் நீண்டும் உடைந்த சல்லி எத்துணை வலிய கல்லேயாயினும் கலவையில் நன்கு அமராது. ஒன்றன்மேலொன்று சாய்ந்து இடையிடையே பொந்து விடும். இவ்விருவகையுங் கூட்டி நூற்றுக்கு 40-க்கு மிகலாகாதென்பது 2016-இல் திருத்தி வெளியிடப்பட்ட தரநிலை 383-இன் விதி. முக்கால் ஜல்லிக் குவியலில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் இக்குறையைக் கண்ணே சொல்லிவிடும். இதற்குப் பொறிஞர் வேண்டுவதில்லை.

இனி மணல். ஆற்றுமணற் குவாரிகளைத் தமிழ்நாட்டு அரசு 2003-ஆம் ஆண்டில் தன் கைக்கொண்டது. ஆறுகள் வறண்டும் குழிபட்டும் போனமையாலும், மணலின் விலை ஏறியமையாலும், பாறையை உடைத்துச் செய்த எம்-சாண்டு என்பது ஊர்தோறும் பரவியது. அதற்கெனத் தனிக் கொள்கையொன்றை அரசு 2023-இல் வெளியிட்டது. யாம் எம்-சாண்டைப் பழிக்க வரவில்லை. ஆற்றுமணலே அமிர்தம், உடைத்த மணல் நஞ்சு என்று திண்ணைகளிற் பேசுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. முறையாய் உடைத்து, உருட்டி, கழுவிச் சலித்த மணல் ஆற்றுமணலுக்குத் தாழ்ந்ததன்று. எம் முறையீடு வேறு. சல்லி உடைக்கும்போது கழிவாய் உதிர்கின்ற கிரஷர் தூசியை அப்படியே அள்ளி, எம்-சாண்டு என்னும் பெயரால் விற்பதுண்டு. பெயரொன்று, பொருளொன்று. நிறமும் ஒன்றாயிருத்தலின் வாங்குவோர் ஏமாறுகின்றனர்.

தூசி மிகுந்தால் வருங் கேடு யாது? 75 மைக்கிரானினுஞ் சிறிய பொடி இயற்கை மணலில் நூற்றுக்கு 3 பங்கும், உடைத்த மணலில் 15 பங்கும் வரை இருக்கலாமென்று தரநிலை இடங்கொடுக்கின்றது. அதற்கு மிஞ்சின், அப்பொடி கற்களின்மேற் பூச்சாய்ப் படிந்து சிமிட்டி பற்றாதபடி செய்யும். நீரையும் மிகுதியாய் உறிஞ்சும். கலவை இறுகிக் கரண்டிக்கு வசப்படாமற் போகவே, சித்தாள் இன்னும் ஒரு குடம் நீர் வார்ப்பாள். அக்குடத்து நீரே கட்டடத்தின் கூற்றுவன். சிமிட்டிக்கு நீர் எத்துணை மிகுமோ அத்துணை வன்மை குறையும் என்பதை அமெரிக்க நாட்டு டஃப் ஏபிரம்ஸ் என்பவர் 1918-இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். இதனை அறியாது, ‘மேஸ்திரி சரியில்லை, கொத்தனார் சரியில்லை’ என்று நாம் ஏசுகின்றோம். கையிற் கொடுத்தது தூசியாயின் கொத்தனார் என்செய்வார்?

ஆற்றுமணலைப் போற்றுவார்க்கும் ஒரு சொல். ஆற்றுமணலிலே வண்டலுமுண்டு, காக்கைப்பொன்னுமுண்டு. வெயிலில் மின்னும் அவ்வேடுகளைப் பொன்னென்று சிறுவர் பொறுக்குவர். கலவைக்கோ அவை பகை. வழவழப்பான ஏட்டின்மேற் சிமிட்டி பிடிப்பதில்லை. இஃது அற்பமன்று என்பதற்கு அயர்லாந்து தேசத்து டொனகால் நாட்டார் சான்று. அங்கே ஆயிரக்கணக்கான இல்லங்களின் சுவர்கள் சிலந்திவலைபோல் வெடித்து, விரலால் உதிர்க்குமளவு நைந்துபோயின. கான்கிரீட்டுக் கட்டைகளிற் சேர்ந்த கல்லிற் காக்கைப்பொன் அளவிறந்திருந்ததே காரணமென்று அரசு அமைத்த வல்லுநர் குழு 2017-இற் கூறியது. கல்லிலிருந்த கந்தகஞ் சார்ந்த இரும்புத்தாதே பெருங்காரணமென்று பின்வந்த ஆராய்ச்சியாளர் வாதிக்கின்றனர். எதுவாயினும் குற்றம் கல்லினதே, சிமிட்டியினதன்று. இடித்துக் கட்டுவதற்கு அரசே பொருளுதவி செய்யவேண்டியதாயிற்று. நம் தேசத்திலும் ஹிராகுட், ரிஹந்து ஆகிய பேரணைகளில், கல்லிலுள்ள சிலிக்காவுக்கும் சிமிட்டியின் காரத்துக்கும் நேர்ந்த பகையினாற் கான்கிரீட்டு வீங்கி வெடித்த செய்தியைப் பொறிஞர் எழுதியுள்ளனர். இப்பகையை முதன்முதல் உலகுக்கு உணர்த்தியது 1940-இற் கலிபோர்னியாவின் ஸ்டாண்டன்.

யாரும் வஞ்சியாமலே வஞ்சிக்கப்படுவதும் உண்டு. நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஈரமுள்ள மணல், மணிகளைச் சூழ்ந்த நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி நிறுத்துதலால், உலர்ந்த மணலினுங் காற்பங்கு வரை பருத்துக் காட்டும். நேரிய மணலாயின் அதனினும் மிகும். யூனிட்டுக் கணக்கில் மணல் வாங்குவோர் மழைநாளில் வாங்கினால் வெறுங்காற்றுக்கு விலை கொடுக்கின்றனர். அது மட்டோ? ஒரு மூட்டைக்கு இத்தனை சட்டி மணலென்று அளந்து போடும் கலவையில் மணல் குறைந்து விகிதமே மாறிப்போகும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஈரமணலை நிறைத்து, நீர்வார்த்துக் கலக்கி அமரவிட்டால், எவ்வளவு கீழிறங்குகின்றதோ அவ்வளவும் பொய். அதே பாத்திரத்தில் உப்பிட்ட நீரும் மணலுமாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாது வைத்தால், மணலின்மேல் வண்டல் தனிப்படலமாய்ப் படியும். மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கினும் அது தடித்திருப்பின் அம்மணலைத் திருப்பி அனுப்புக. செலவு ஒரு பாத்திரமும் ஒரு பிடி உப்புமே.

இவ்வளவும் நூல்களில் இருக்க, குறை யாது என்று கேட்கலாம். பொதுப்பணித் துறையார் எம்-சாண்டு ஆலைகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கின்றனர் என்பதும் உண்மையே. ஆனால் சான்றிதழ் ஆலைக்கு. வீடு எழுவதோ லாரியில் வந்த பாரத்தால். ஆலையினின்று புறப்பட்டதும் நம் வாயிலிற் கொட்டியதும் ஒன்றே என்பதற்குக் காகிதம் பிணையாகாது. பாலமும் அணையும் கட்டுவோர் பதினைந்து சென்றிமீட்டர்க் கனக்கட்டை வார்த்து, 28 நாள் நீரிலிட்டு, நசுக்கிப் பார்ப்பர். ஏழையின் வீட்டுக்கு அப்பரீட்சை யார் செய்வார்? 2024-இல் தமிழ்நாட்டு அரசு, குடிசைகளை மாற்றிக் கான்கிரீட்டு வீடு கட்டுதற்கு வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய் கொடுப்பதாக அறிவித்தது. அத்தொகையில் ஒருமுறைதான் கட்டலாம், இருமுறை கட்டலாகாது.

கல்வராயன் மலைமேல் வாழும் மலையாளிகளை நினைப்போமாக. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் அவர்தம் முன்னோர் கட்டியவை. அம்மண்ணின் குணத்தை அவர் கையாலேயே அறிவர். இப்பொழுதோ கச்சிராயபாளையத்திலிருந்து வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறிவரும் லாரி கொண்டுவந்ததே மணல். கூலியோ கீழ்நாட்டினும் மிகுதி. கொட்டிய பின்னர் வேண்டாமென்று திருப்பியனுப்பவும் இயலாது. தம் மலையின் கல்லே பொடியாய்த் திரும்பி வந்து தம்மை ஏமாற்றுவதை அவர் எவ்வாறு அறிவர்? சோதனை மிகவும் வேண்டப்படுவது எவ்விடமோ, அவ்விடத்தே அது மிகவும் அரிதாயிருக்கின்றது.

மதுரையிலே ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பி, சிலம்பை உடைத்து உள்ளிருப்பது முத்தோ மாணிக்கமோ என்று பாராமற் போனமையால் ஓர் அரசன் உயிரும் ஒரு நகரும் அழிந்ததைச் சிலப்பதிகாரம் பயிலுவோர் நாடோறும் படிக்கின்றோம். உடைத்துப் பார்த்தது கண்ணகி. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அச்சிலம்பினுட் கிடந்தவற்றுக்கும் பரல் என்றே பெயர். பாலைநிலத்துச் சரளைக்கும் பரல் என்றே பெயர்.

‘இஃதெல்லாம் பொறியியல் மாணாக்கர் வேலை, தமிழ் ஆனர்சு பயிலும் உங்களுக்கு என்ன?’ என்று எம் தோழர் சிலர் நகைக்கின்றனர். அவர்க்கு யாம் சொல்லும் விடை எளிது. கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் இத்தரநிலைகள் எட்டாமைக்கு முதற்காரணம் அவை ஆங்கிலத்திற் கிடப்பதே. நம் மொழியிற் சொல்லில்லையோ எனின், குறைவில்லை. ஆற்றிடை வரிவரியாய்ப் படியும் நுண்மணலை அறல் என்றனர். பரற்கல் நிறைந்த மேட்டை முரம்பு என்றனர். வண்டல், சரளை, கூழாங்கல், சல்லி, காக்கைப்பொன் என்பன இன்றும் உழவர் வாயிலுங் கொத்தனார் வாயிலும் வழங்குகின்றன. இவற்றை விட்டு, ஒருவருக்கும் விளங்காத புதுச்சொற்களைப் பட்டியலிட்டுப் பரிசில் பெறுவதை யாம் தமிழ்த்தொண்டென்று கருதுகிலோம்.

ஆகையால் யாம் வேண்டுவது இது. ஊராட்சி ஒன்றிய அலுவலகந்தோறும் ஒரு தொகுதிச் சல்லடையும், கோடிட்ட கண்ணாடிப் பாத்திரமும், ஒரு தராசும் இருத்தல் வேண்டும். கல்வராயன் மலைக்கு வெள்ளிமலையில் ஒன்று முதற்கண் வைக்கப்படுதல் வேண்டும். வீடு கட்டுவோர் ஒரு சட்டி மணலோடு வந்தால் அன்றே பார்த்துச் சொல்லுதல் வேண்டும். மோதற் சோதனையை அண்மையிலுள்ள பொறியியற் கல்லூரிகள் கட்டணமின்றிச் செய்து கொடுக்கலாம். சோதிக்கும் முறையை ஒரே தாளில், கொத்தனார் படித்தவுடன் விளங்குந் தமிழில் எழுதித் தருவதற்கு எம் வகுப்பினர் ஆயத்தமாயிருக்கின்றோம். எழுதியதை அச்சிடுமுன், கொத்துவேலை செய்யும் இருவர் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டி, அவர் நெற்றி சுருங்குமிடமெல்லாம் திருத்திக்கொள்வதென்றும் எமக்குள் முடிவு செய்திருக்கின்றோம்.