இரவு மின்சாரமும் நுரைச்சோலைச் சாம்பலும்

இந்த வாரம் பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம். மின்சாரக் கார் ஒன்றின் படம், அதற்கு மேல் பெரிய எழுத்தில் "புகையே இல்லாத பயணம்". பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கார் மேல் கோபமில்லை. மின்சார வாகனங்கள் வரவேண்டும் என்று இதே பத்தியில் வாதாடியவன்தான் நான். ஆனால் புகையே இல்லை என்று எழுத வேண்டுமானால் புத்தளம் மாவட்டத்தை நாட்டின் வரைபடத்திலிருந்து முதலில் அழித்துவிட வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசாங்கம் 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. அதன் பிறகு மின்சார வாகனங்கள் பெருகுகின்றன, அவற்றுக்கான சார்ஜ் நிலையங்களும் பெருகுகின்றன. அந்த நிலையங்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முனைந்திருப்பதை மனதார வரவேற்கிறேன். ஓர் அலகுக்கு என்ன விலை என்று பலகையில் இருக்க வேண்டும். மீட்டரை யாராவது சோதிக்க வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். இந்தியா 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில், நெடுஞ்சாலையின் இருபக்கமும் 25 கிலோமீற்றருக்கு ஒரு நிலையம் என்று எழுதிவைத்தது. பேலியகொடையில் தொடங்கி நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் புத்தளம் வரும் நம் ஏ3 வீதிக்கு அந்தக் கணக்கில் ஐந்தாறு இடம் போதும்.

என் மனம் நிற்பது கட்டண நேரத்தில். மின்சார சபையின் நேரவாரிக் கட்டணத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. வாகனக்காரர் அந்த நேரத்தில்தான் வயரைச் செருகுவார். அப்போது வெயில் கிடையாது. இரவு முழுக்க ஒரே சீராக ஓடுவது புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம்.

சாம்பலைப் பற்றி நான் எழுதியதை வெட்டி வைத்திருக்கும் வாசகர்கள் உண்டு. மறுபடியும் அதே கதையா என்று சலிப்பவர்களும் உண்டு. ஆம், அதே கதைதான், சாம்பல் நிற்கவில்லையே.

நுரைச்சோலையில் 2011இல் முதல் இயந்திரமும் 2014இல் மற்ற இரண்டும் ஓடத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாட். நிலக்கரி கப்பலில் வந்து, ஆழக்கடலில் தோணிகளுக்கு மாறி, கரையேறுகிறது. சோழகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் கடல் கொந்தளித்து இந்த வேலை நடக்காது. அதனால் ஏப்ரலுக்குள் சோழகக் காலம் முழுவதற்குமான கரியை இறக்கிக் குவித்துவிடுவார்கள். ஆக, குவியல் மிக உயரமாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கடற்காற்று ஊரை நோக்கி அடிக்கத் தொடங்குகிறது. அதே காற்று பக்கத்தில் மாம்புரிக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று கரித்தூளையும் சாம்பலையும் நரக்கள்ளிக் கிராமத்தின் பக்கம் கொண்டுபோகிறது.

அங்கே ஒரு தோட்டத்தில் பீட்ரூட் இலையொன்றை விரலால் தடவிப் பார்த்தேன். விரல் போன தடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. தோட்டக்கார உம்மா சொன்னார்: "ரெண்டு தரம் கழுவித்தான் மவன் சந்தைக்கு அனுப்புறோம். கழுவுற தண்ணிக்கும் மோட்டர் போடணும், கரெண்ட் பில் நாங்கதான் கட்டணும்." கொடியில் காய்ந்த வெள்ளைத் தொழுகை உடுப்பைக் கையால் தட்டிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போனார். கொழும்பில் மலிவாக விற்கும் இரவு மின்சாரத்தின் மீதி விலையை இந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. எந்தக் கட்டண அட்டவணையிலும் அது இல்லை.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரிய மின்தகடு வைத்திருந்தவர்களைப் பகலில் நிறுத்திவைக்கச் சொன்னது மின்சார சபை. பாவனை குறைந்து மின்சாரம் மிஞ்சியது காரணம். பகலில் வெயிலை வேண்டாம் என்கிறோம், இரவில் கரியை எரித்துக் கார் ஓட்டுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆணைக்குழுவிடம் கேட்கிறேன்: சார்ஜ் நிலையங்களுக்கு விதி எழுதும்போது மிக மலிவான நேரத்தை நண்பகலுக்கு மாற்றுங்கள். வேலைத்தலங்களிலும் பஸ் நிலையங்களிலும் கற்பிட்டி ஹோட்டல்களிலும் பகலில் நிற்கும் வண்டிக்கு அது போதும். மக்கள் கருத்துக் கேட்கும் அமர்வு ஒன்றை நுரைச்சோலையிலேயே வையுங்கள். வடமேல் மாகாணத்துக்கென்றே தனிச் சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது. காற்றில் எவ்வளவு தூசு என்று அது தினமும் அளந்து, நுரைச்சோலைச் சந்தியில் மூன்று மொழியிலும் பலகை போட்டு அறிவிக்கட்டும். நரக்கள்ளி வாசகர்களே, உங்கள் மனுக்களை எழுதி அனுப்புங்கள். அமர்வு எங்கே நடந்தாலும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.