ஆயிரம் சதுர மைல் காணியும் ஒரு மெட்டும்

எண்பதுகளின் நடுவில், தமாமில் வேலைபார்த்த சின்ன மாமா லீவில் வந்தபோது வீடியோ டெக்கோடு ஒரு பெட்டி கசெற்றும் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். படங்களுக்கு நடுவே ‘பொனான்ஸா’ என்ற பழைய அமெரிக்கக் குதிரைக்காரர் தொடரும் கிடந்தது. திருகோணமலை உட்துறைமுக வீதியில் எங்கள் வீட்டு விறாந்தை நிறைய ஆட்கள். ஆங்கிலம் விளங்கியவர் மாமா ஒருவர்தான். அவரும் பாதியிலேயே நித்திரை.

ஆனால் அந்தத் தொடக்க இசை! கிற்றார் குதிரைக் குளம்புபோல் ஓடத் தொடங்கும். திரையில் ஒரு வரைபடம் நடுவில் பொத்துக்கொண்டு எரியும். அந்த ஓட்டைக்குள்ளால் அப்பனும் மூன்று மகன்மாரும் குதிரையில் வருவார்கள். ஜே லிவிங்ஸ்டனும் ரே எவான்ஸும் சேர்ந்து போட்ட மெட்டு. தொடர் தொடங்கியது 1959இல். பாட்டுக்கு வரிகளும் எழுதியிருந்தார்கள். முதல் அத்தியாயத்தில் நாலு பேரும் பாடிக்கொண்டு போவதாகப் படம்பிடித்துவிட்டு, பிறகு அதை வெட்டிவிட்டார்கள். நல்லகாலம். வரி இருந்திருந்தால் அது எங்களுக்கு இன்னொரு ஆங்கிலப் பாட்டு, அவ்வளவுதான். வரி இல்லாததால் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெடியன், கிண்ணியாக் கூட்டாளி, நான் என்று மூன்று பேரும் ஒரே மாதிரி ‘டும்டிடி டும்டிடி’ போட்டுத் திரிந்தோம். மூதூர் லோஞ்சின் எஞ்சின் சத்தத்துக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும்.

கதையில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அப்பன் பென் கார்ட்றைட் முன்பு கப்பலில் வேலைசெய்தவர். கரைக்கு வந்து, தாஹோ ஏரிப் பக்கம் ஆயிரம் சதுர மைல் பண்ணைக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். எங்கள் திருகோணமலை மாவட்டம் முழுவதும் 2,727 சதுர கிலோமீற்றர். மைலில் பார்த்தால் ஆயிரத்து ஐம்பது சொச்சம். புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை, கந்தளாய்க் குளத்தையும் சேர்த்து, ஏறக்குறைய எல்லாம் ஒரு குடும்பத்துக்கு! கப்பலில் வந்தவன் நிலத்துக்கு உரிமை கொண்டாடுவது இந்தத் துறைமுகத்துக்குப் புதுக்கதை இல்லைத்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாகப் பார்த்த இடம் இது.

அந்த ஏரிக்கரை பூர்வகுடிகளான வாஷோ மக்களின் மண். பதினாலு பருவங்கள், 1973 ஜனவரி வரை ஓடிய தொடரில் சமையல்காரர் ஹொப் சிங்குக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது. காணி யாருடையது என்ற கேள்விக்குத்தான் இடம் குறைவு. போரில் காணி உறுதி எரிந்துபோனவர்களும் சொந்த வளவுக்குத் திரும்பக் கச்சேரிக்கு நடந்தவர்களும் நிறைந்த ஊரில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பார்க்க முடியாது.

இப்போது மகனின் போனிலேயே அத்தனையும் கிடைக்கிறது. அவன் தொடக்க இசையைத் தள்ளிவிட்டு நேரே கதைக்குப் போகிறான். நான் மறுவளமாகச் சொல்வேன்: இசையை முழுதாகக் கேளுங்கள், கதையைத் தள்ளுங்கள். தள்ள மனமில்லையென்றால், பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு வாஷோ மக்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவையுங்கள்.