மண்ணையும் படிக்கும் பாடசாலை வேண்டும்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்கள் எந்த நெருக்கடியிலும் பிள்ளைகளின் படிப்பைக் கைவிட்டதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியபோதும், 1995 இல் யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் வெறிச்சோடியபோதும், 2008 – 2009 இல் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தபோதும், மரநிழலிலும் கொட்டில்களிலும் வகுப்புக்கள் நடந்தன. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் மாலையில் இன்னொரு பாடசாலையும் இயங்கின. காணி போகலாம், மாடு போகலாம், கற்ற கல்வி போகாது என்பது எமது மக்களின் உறுதியான நம்பிக்கை. இது போற்றுதற்குரியது. ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தக் கல்வி எமது பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கின்றது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

தரம் 5 இல் புலமைப்பரிசில், தரம் 11 இல் சாதாரண தரம், தரம் 13 இல் உயர்தரம். எமது கல்வி முறை இந்த மூன்று அரிதட்டுக்களிலேயே தங்கியிருக்கின்றது. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவோரில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. மற்றையோர் என்ன ஆவது? பதின்மூன்று வருடம் மனப்பாடம் செய்த பிள்ளை, தான் தோற்றுவிட்டதாக நம்பிக்கொண்டு வீட்டுக்கு வருகின்றது. தோட்ட வேலையும் தெரியாது, வேறு தொழிலும் தெரியாது. இது பிள்ளையின் குற்றமல்ல.

பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிறெயர், வங்கியில் பணம் வைப்பிடுவது போல ஆசிரியர் அறிவைப் பிள்ளையின் தலையில் வைப்பிடும் முறையைக் கண்டித்தார். 1963 இல் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள அங்கிக்கோஸ் என்ற ஊரில் அவருடைய முறைப்படி ஏறத்தாழ 300 தொழிலாளர் சுமார் 40 மணித்தியாலங்களில் எழுத வாசிக்கக் கற்றனர். அரிச்சுவடியை ஒப்புவித்தல்ல, செங்கல், கலப்பை, நிலம் என்பன போன்ற தமது வாழ்வின் சொற்களைப் பற்றிப் பேசியே மக்கள் அவரிடம் எழுத்தைக் கற்றனர். நிலத்தைப் பற்றிப் பேசினால், அது யாருடையது என்ற கேள்வியும் கூடவே எழும். 1964 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையிலடைத்தது.

எமது வகுப்பறைகளைப் பாருங்கள். நூற்றுவீதக் கணக்கைப் பிள்ளை சரியாகச் செய்கின்றது. ஆனால் வீட்டு மூலையிலிருக்கும் யூரியா மூடையில் 46 வீதம் நைதரசன் என்று எழுதியிருப்பதையும், 50 கிலோ மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு என்பதையும் எவரும் அதற்குக் காட்டுவதில்லை. ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 4,000 லீற்றர் நீரைக் கொண்டுவரும் என்பதும் கணிதந்தான். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, அவ்வளவு நைதரசனைக் கூட்டெருவால் ஒரே போகத்தில் ஈடுசெய்ய இயலுமா என்று கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய இளைஞர் ஒவ்வொரு கிராமத்திலும் இருந்திருக்க வேண்டும்.

“எங்களைப் போல மண் கொத்தவா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்?” என்று பெற்றோர் கேட்பது நியாயமானது. 1971 இளைஞர் கிளர்ச்சிக்குப் பின், 1972 கல்விச் சீர்திருத்தம் கமம், மீன்பிடி, மட்பாண்டம் முதலிய உள்ளூர்த் தொழில்களைப் பாடமாக்கியது. ஆயினும் போதிய ஆசிரியர்களோ கருவிகளோ கிடைக்கவில்லை. ஏழைப் பிள்ளையை ஏழையாகவே வைத்திருக்கும் ஏற்பாடு இது என்று பல பெற்றோர் சந்தேகித்தனர். 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கமக்காரன் பிள்ளைக்குக் கமமும் நகரத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானமும் என்று பிரிப்பது அநீதி. நாம் கேட்பது அதுவல்ல. வைத்தியராக வரப்போகும் பிள்ளையும் மண்ணினூடாக விஞ்ஞானத்தைக் கற்கட்டும். கமம் செய்யப்போகும் பிள்ளையும் அதே விஞ்ஞானத்தை முழுமையாகக் கற்கட்டும்.

அரசாங்கம் பாடத்திட்டத்தை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, ஊர்ப் படம். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உண்டு. தாத்தாவின் வளவில் ஒருநாளும் கால் வைக்காத பிள்ளைகள் இன்று உயர்தரம் படிக்கின்றார்கள். முதியோரைக் கேட்டு, ஒழுங்கை, கிணறு, எல்லை, பனங்கூடல் அனைத்தையும் குறித்து அவர்கள் படம் வரையட்டும். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று அளக்கப் பழகட்டும். உறுதியையும் நில அளவைப் படத்தையும் வாசிக்கப் பழகட்டும். புவியியல், கணிதம், தமிழ் மூன்றும் அதில் அடங்கும். நாளை காணிக் கந்தோரில் பேசவேண்டியவர்களும் அவர்களே.

இரண்டாவது, உங்கள் அறிவைப் பாடசாலைக்குக் கொடுங்கள். விதை வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் காற்றோட்டமாகத் தொங்கவிடுவது ஏன் என்று பிள்ளைகள் உங்களிடம் கேட்கட்டும். அதற்கான விஞ்ஞான விளக்கத்தை ஆசிரியர் கொடுக்கட்டும்.

மூன்றாவது, சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையை வீட்டில் இருத்தவேண்டாம். 2017 இல் ஆரம்பித்த 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், அப்பெறுபேற்றைப் பாராமல் தொழிற்பாடங்களைக் கற்க வழிசெய்தது. இத்தகைய வாய்ப்பு எந்தப் பாடசாலையில் உண்டு என்று வலயக் கல்விப் பணிமனையில் விசாரியுங்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஒன்பது ‘ஏ’ என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். ஒன்பது ‘ஏ’ எடுக்காத பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டு வெளியேறினார்கள் என்றும் கேளுங்கள். பெற்றோர் தொடர்ந்து கேட்டால், பாடசாலை பதில் தேடியே ஆகவேண்டும்.