ஸ்கேன் நார்மல், ஆள்?

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்ததும் கேட்கப்படும் கேள்விகள் நமக்கெல்லாம் மனப்பாடம். நினைவு தப்பியதா? வாந்தி எடுத்தாரா? காதில், மூக்கில் ரத்தம் வந்ததா? பிறகு சி.டி. ஸ்கேன். அதில் ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லையென்றால் நெற்றியில் நாலு தையல், சில நாளைக்கு மாத்திரை, வீட்டுக்குப் போகலாம். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று வீட்டாரும் நிம்மதியாகக் கிளம்புகிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று அறிய இந்த நடைமுறை போதும். அவர் பழையபடி வேலை பார்ப்பாரா என்று அறிய இது போதாது. இந்த இரண்டாவது கேள்வியை நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்; கேட்பதற்குரிய பரிசோதனையையும் தமிழ் மக்களிடமே சோதித்து உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

தலைக்காயத்தை ‘லேசானது’ என்று வகைப்படுத்த உலகம் முழுவதும் பயன்படும் கிளாஸ்கோ அளவுகோலை கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் இருவரும் 1974இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 வரை என்றால் லேசான காயம். மயக்கத்தின் ஆழத்தை அளக்க அருமையான கருவி இது. அடிபட்ட சில மணி நேரத்து நிலையைத்தான் அது சொல்கிறது. மூன்று மாதம் கழித்து அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று சொல்ல அது உருவாக்கப்படவே இல்லை. சி.டி.யும் அப்படித்தான். மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டு நைந்திருந்தால் அது பெரும்பாலும் அந்தப் படத்தில் தெரியாது.

அதே 1974இல், அதே ‘லான்செட்’டில், நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து டோரத்தி கிரான்வாலும் பிலிப் ரைட்சனும் எழுதிய இன்னொரு கட்டுரை வந்தது. கிளாஸ்கோ அளவுகோல் அடைந்த புகழில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை. லேசான தலைக்காயத்துக்குப் பிறகு அறிவுத்திறன் மெதுவாகத்தான் மீள்கிறது என்று காட்டிய ஆய்வு அது. கிரான்வால் கையாண்ட சோதனை பார்க்க எளிது. இரண்டு நொடிக்கு ஒன்றாக எண்கள் காதில் விழும். ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். மூன்று, ஐந்து என்றால் ‘எட்டு’. அடுத்து நான்கு வந்தால் ‘ஒன்பது’. எட்டோடு கூட்டிப் பன்னிரண்டு என்று சொன்னால் தவறு. தான் சொன்ன விடையை மறந்துவிட்டு, காதில் விழுந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் அடுத்த எண் வந்துவிடும். நன்றாக இருப்பவர்களையே வியர்க்க வைக்கும் சோதனை. அடிபட்டவர்கள் தொடக்கத்தில் தடுமாறி, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினார்கள். சிலருக்கு அதற்கும் மேல் ஆனது. இரண்டாம் முறை தலையில் அடிபட்டவர்கள் தேற இன்னும் நாள் பிடித்தது என்று அடுத்த ஆண்டே இருவரும் எழுதினார்கள்.

கூட்ட நெரிசலில் ஒரு பஸ் கண்டக்டர் நாள் முழுக்கச் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். மூன்று பேர் மூன்று ஊர் சொல்வார்கள், ஒருவர் ஐந்நூறு ரூபாய் நீட்டுவார், பின் படிக்கட்டில் யாரோ கத்துவார், இடையில் விசிலும் அடிக்க வேண்டும். லேசான மூளைக் காயம் கெடுப்பது இந்தத் திறனைத்தான்: வேகத்தை, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைப் பிடித்துவைக்கும் கவனத்தை, மாலைவரை சோராமல் தாங்கும் சக்தியை. பேர், ஊர், தேதி எல்லாம் சரியாகச் சொல்வார். ஆனால் கணக்கு ஒப்படைக்கும்போது பணம் குறையும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். ‘அடிபட்டதிலிருந்து ஆளே மாறிட்டாரு’ என்று மனைவி சொல்வார்; ‘ஸ்கேன்தான் நார்மல்னு சொல்லிட்டாங்களே, நடிக்கிறார்’ என்பார் மேலதிகாரி.

இது அரிதான நிலையல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1981இல் வெளியான ரெபெக்கா ரிமெல் குழுவினரின் ஆய்வில், அதுவரை வேலையில் இருந்தவர்களில் 34 சதவீதத்தினர் லேசான தலைக்காயத்துக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. 2019இல் வந்த அமெரிக்க ‘டிராக்-டிபிஐ’ ஆய்வு இன்னும் கவனமாகச் செய்யப்பட்டது. லேசான மூளைக் காயம் பட்டவர்களில் 53 சதவீதத்தினருக்கு ஓராண்டு கழித்தும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு குறை இருந்தது. அதே மருத்துவமனைகளுக்குத் தலையில் அடிபடாமல் கை கால் காயத்தோடு வந்தவர்களில் அந்தக் குறை 38 சதவீதத்தினருக்கு இருந்தது. இந்த இரண்டாவது எண்ணை மறைத்துவிட்டு முதல் எண்ணை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது நேர்மையல்ல. விபத்தில் சிக்கிய எவருக்கும் வலி, தூக்கமின்மை, கடன், பயம் எல்லாம் சேர்ந்து மனதை மந்தமாக்கும். எது மூளைக் காயத்தால், எது மற்றதால் என்று பிரித்தறியத்தான் முறையான பரிசோதனை வேண்டும் என்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். உயிர் காப்பதில் இந்த மாநிலம் சும்மா இருந்துவிடவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் லேசான மூளைக் காயத்தின் தொல்லை தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த 48 மணி நேரம் முடிந்து, அவர் வேலைக்குத் திரும்பும் நாளில்தான்.

சரி, பரிசோதிக்கலாம் என்றால் எதை வைத்து? இங்கேதான் ஆராய்ச்சியாளர்களிடமும் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கைக்கு எளிதாகக் கிடைப்பவை முதியோரின் மறதி நோய்க்காகச் செய்யப்பட்ட சோதனைகள். 1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005இல் மான்ட்ரியாலில் உருவான மோக்கா இரண்டுமே முப்பது மதிப்பெண் சோதனைகள். பத்து நிமிடத்தில் முடியும். மோக்காவில் கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், கடிகாரம் போட்டு முள் காட்ட வேண்டும், சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். பெரும்பாலான பகுதிகளில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே பட்டதாரி இளைஞர் ஒருவர், மூளை மந்தமாகிப்போயிருந்தாலும், இதில் எளிதாக 28 வாங்கிவிடுவார். மறுபக்கம், நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கட்டட வேலைக்குப் போனவர் பேனாவால் கனசதுரம் வரைந்து பழகியவரல்ல. தலையில் அடியே படாவிட்டாலும், இயல்புக்கு எல்லையாக வைத்திருக்கும் 26க்குக் கீழே இறங்கிவிடுவார். படிப்புக் குறைவுக்கு அந்தச் சோதனை தரும் சலுகை ஒரே ஒரு மதிப்பெண். கிரான்வாலின் கூட்டல் சோதனைக்கும் பள்ளிக்கூட வாசனை உண்டு என்பதால் அதையும் அப்படியே இறக்குமதி செய்துவிட முடியாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு வயது, பாலினம், படிப்பு வாரியாக இந்தியர்களுக்கான ஒப்பீட்டு எண்களைத் தருகிறது. ஆனால் அதை நடத்தப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும், மணிக்கணக்கில் நேரமும் வேண்டும். தாலுகா மருத்துவமனைக்கு அது எட்டாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மறதி நோய்க்காக உருவாக்கிய சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. அந்தக் கழகத்தின் மீது சீறுவதைவிட, இத்தனை மருத்துவக் கல்லூரிகளை வைத்திருக்கும் நாமே அதைச் செய்யாமல் இருப்பதற்கு வெட்கப்படலாம்.

ஒப்பீட்டு எண்கள் ஆய்வாளர்களின் தனிக் கவலை அல்ல. அவற்றில் பணமும் நீதியும் இருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்., மூளை பாதித்த முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்ட வழக்கில், கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் கணக்கிட்டார்கள். அதனால் அவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு காகிதத்தில் சிறுத்துப்போனது. கண்டனம் வலுத்த பிறகு, 2021இல்தான் அந்த முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. நம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களில் முறிந்த காலுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. குலைந்த கவனத்துக்குச் சான்று காட்டுவது பெரும்பாடு. உடற்குறையின் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும் என ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நிரூபிக்கும் தாள்தான் கட்சிக்காரரிடம் இல்லை. நடிப்பவர்களும் வருவார்கள் என்ற காப்பீட்டு நிறுவனங்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. முழு மனதோடு முயலாதவரை அடையாளம் காட்டும் சோதனைகளும் இந்தத் துறையில் இருக்கின்றன. எந்தச் சோதனையுமே நடக்காத இடத்தில்தான் நடிப்பவரும் நிஜமாகவே பாதிக்கப்பட்டவரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

மருத்துவர்கள் சொல்லும் மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஞாயிறு இரவு கேஷுவால்ட்டியில் நிற்கும் பயிற்சி மருத்துவரிடம் இன்னொரு படிவத்தை நீட்டுவதா? பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடும்போது, ‘மூளை பாதிச்சிருக்கலாம்’ என்று சொல்லி நல்லவரையும் நோயாளியாக்குவதா? முதல் கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் விடை இருக்கிறது. சிட்னி வெஸ்ட்மெட் மருத்துவமனையின் பெயரில் வழங்கும் சுருக்கப் பரிசோதனை, கிளாஸ்கோ மதிப்பெண்ணோடு மூன்று படங்களைச் சேர்க்கிறது. மணிக்கு ஒருமுறை காட்டி, முந்தைய படங்கள் நினைவிருக்கின்றனவா என்று கேட்கிறார்கள். முழு மதிப்பெண் 18. ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, செவிலியரே செய்யலாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கேள்விக்கு மெல்போர்னில் ஜெனி பான்ஸ்ஃபோர்ட் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு பதில் தருகிறது. என்னென்ன தொந்தரவு வரலாம், எப்படிச் சமாளிக்கலாம் என்று விளக்கும் சிறு கையேட்டை முதல் வாரத்திலேயே பெற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத் தொந்தரவுகள் குறைவாகவே இருந்தன. சொன்னதால் யாரும் நோயாளியாகிவிடவில்லை.

எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் வேண்டாம். டிஸ்சார்ஜ் செய்யும் முன் அந்தப் படச் சோதனையும் தமிழில் ஒரு பக்க அறிவுரையும் எல்லோருக்கும் கிடைக்கட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு மறுவருகை. வராதவர்களை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் விசாரிக்கலாம். ஒரு மாதமாகியும் தொந்தரவு தீராதவர்களை மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் உளவியலாளரிடம் அனுப்பினால் போதும். அங்கே ஞாபகத்தோடு தூக்கத்தையும் மனச்சோர்வையும் குடிப்பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் மனச்சோர்வு மூளைக் காயமாகப் பதிவாகும், மூளைக் காயம் குடியாகப் பதிவாகும். டிஸ்சார்ஜ் சீட்டில் மறுவருகைத் தேதிக்கு ஒரு கட்டம் சேர்க்க சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். படிக்காதவர், பள்ளியோடு நின்றவர், பட்டதாரி என மூவகைத் தமிழருக்கும் ஒப்பீட்டு எண்களைத் திரட்டும் ஆய்வு சுற்றறிக்கையால் நடந்துவிடாது. அதற்கான நிதியையும், இருக்கும் உளவியலாளர் பணியிடங்களை நிரப்பும் உத்தரவையும் அடுத்த பட்ஜெட்டில் எதிர்பார்க்கிறோம்.