பேச்சு சிகிச்சையாளருக்கு இலக்கணம் எதற்கு?

பேச்சு-மொழி நோயியல் முதுநிலைப் படிப்புக்கு ஆயத்தமாகும் மாணவர்களின் மேசையில் உடற்கூறியல், நரம்பியல், ஒலியியல் நூல்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில். ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உள்பட நான்காண்டு இளநிலைப் படிப்பை முடித்து, 1965-இல் மைசூருவில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் போன்றவற்றில் இடம் தேடுவோருக்கு இது இயல்பே. ஆனால், நாளை தமிழ்நாட்டில் பணியாற்றப் போகிறவருக்கு இது போதாது என்பேன்.

மதுரைக் குழந்தை ஒன்று வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறது. அது உச்சரிப்புக் கோளாறா, வட்டார வழக்கா? வீட்டாரின் பேச்சைக் கேட்காமல் முடிவு சொல்ல இயலாது. 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்பதும் குறையன்று. அயற்சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பது தமிழின் இயல்பு. 'பல்' என்பதிலும் 'அம்பு' என்பதிலும் பகரம் இருவேறாக ஒலிக்கிறது; ஆங்கிலத்தில் அவ்விரண்டும் பொருளையே மாற்றும் தனி ஒலிகள். ஆங்கிலக் குழந்தைகளுக்கென உருவான சோதனையை அப்படியே மொழிபெயர்த்து வைத்தால், குறையற்ற பிள்ளைக்கும் மதிப்பெண் குறையும். அதைவிட அஞ்சத்தக்கது, உண்மையான கோளாறை ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவது. சிகிச்சைக்கு உகந்த தொடக்க ஆண்டுகள் அதில் கழிந்துவிடும்.

எழுத்தொலிகள் பிறக்கும் இடத்தையும் நாவின் தொழிலையும் விளக்கும் தொல்காப்பியத்தின் பிறப்பியல், தமிழாசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. முதுநிலை நுழைவுத் தேர்வில் அவரவர் தாய்மொழியின் ஒலியமைப்புக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும். அதுவரை காத்திராமல், மாணவர்கள் தாங்கள் பார்க்கும் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பயிற்சி ஆண்டிலேயே குறித்துவைக்கத் தொடங்கலாம்.